வின்சன்ட் வைத்த றோலர் கதவு

எங்கள் தெருவில் தானாகத் திறக்கும் கதவு முதலில் வந்தது என் தம்பி வின்சன்ட்டின் கார்க் கொட்டிலுக்குத்தான். பேசாலையில் மற்ற எல்லோரும் படலையைக் கையால் தள்ளித்தான் திறக்கிறோம். அதற்காக ஒருவருக்கும் கை தேய்ந்துபோகவில்லை. வின்சன்ட்டுக்கு மட்டும் பட்டனை அமத்தினால் றோலர் கதவு கடகடவென்று மேலே போகவேண்டும். அதை முன்வீட்டார் பார்க்கவேண்டும். பார்க்காவிட்டால் இன்னொருமுறை இறக்கி ஏற்றிக் காட்டுவான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவன் பட்டப்பகலில் பிடித்தான்.

நான் கிறேஸ், அவனுடைய அக்கா. தபால் கந்தோரில் இருபத்தெட்டு வருசம் வேலை செய்து ஓய்வெடுத்தவள். கலியாணம் செய்யவில்லை. அம்மா எனக்குச் சீதனமாக எழுதிவைத்த இருபது பேர்ச் காணி, மாப்பிள்ளை வராதபடியால் என் பெயரிலேயே நின்றுவிட்டது. பிரான்சில் இருக்கிற வின்சன்ட் அந்தக் காணியில் மாடிவீடு கட்டினான். அத்திவாரம் போடும்போது, "எல்லாம் அக்காவுக்குத்தானே" என்றான். குளியலறைக்கு மாபிள் பதித்து முடிந்ததும், "காணி ஆரின்ர பேரில இருக்கெண்டதும் ஒரு பிரச்சினைதானே அக்கா" என்றான்.

இந்த முறை அவன் லீவில் வந்தது காணியைத் தன் பெயருக்கு மாற்றி உறுதி முடிக்கத்தான். பறவை பார்க்க வருகிற வெள்ளைக்காரருக்கு வீட்டை வாடகைக்கு விடப்போகிறானாம். எனக்குச் சாகும்வரை பின்னறை. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அலுத்துப்போயிருந்தது. தனி ஆள், நான் கண்ணை மூடினால் எப்படியும் அவனுக்குத்தானே என்று நினைத்தேன். புதன்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு மன்னார் ரவுனில் உறுதி எழுதுகிற நொத்தாரிசின் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும் என்று நாளும் குறித்தாயிற்று.

அன்று காலைதான் காரையும் கொட்டிலையும் மந்திரித்து ஆசீர்வதிக்கப் பங்குச் சுவாமியைக் கூப்பிட்டிருந்தான். புது வள்ளத்துக்கும் புது வலைக்கும் மந்திரிப்பது எங்கள் ஊர் வழக்கம். காருக்கும் மந்திரிக்கட்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வின்சன்ட் றிமோட்டையும் தூக்கிப் பிடித்தான். "சுவாமி, இதுக்கும் ஒருக்கா." சுவாமி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அதற்கும் இரண்டு சொட்டுத் தீர்த்தம் விழுந்தது. பிறகு அவன் காரை உள்ளே விட்டுக் கதவை இறக்கினான்.

சுவாமி போனபிறகு நான் கேட்டேன். "நீ போனாப் பிறகு கொட்டிலை ஆர் திறக்கிறது? எனக்கொரு றிமோட் வேணுமெல்லோ?"

"கடைக்காரன் ஒண்டுதான் தந்தவன், அக்கா. பிறகு பாப்பம்."

அப்படிச் சொல்லிவிட்டு என் அறைக்குள் போனான். அங்கே மூலையில் மேசைமேல் மடு மாதாவின் சுரூபம் இருக்கிறது. சீமெந்துச் சுரூபம், தூக்க இரண்டு கை வேண்டும். நான் நாளும் செபமாலை சொல்கிற இடம். கதவிடுக்கால் பார்த்தேன். சுரூபத்துக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றான். எத்தனை வருசத்துக்குப் பிறகு பிள்ளை மாதாவுக்கு முன் நிற்கிறான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மடைச்சி என்றால் நான்தான் மடைச்சி.

ஒரு மணிக்குச் சாப்பிட்டோம். ஒன்றரைக்கு அவன் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக முற்றத்தில் நின்று பட்டனை அமத்தினான். கதவு அசையவில்லை. கையை நீட்டி அமத்தினான். தலைக்கு மேலே பிடித்து அமத்தினான். கிட்டப் போய்க் கதவோடு முட்டவைத்தும் அமத்தினான். முன்வீட்டார் இப்போது பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

கதவைக் கையால் ஏற்ற ஒரு சங்கிலி வரும். படம் எடுத்தால் வடிவில்லை என்று பூட்டும்போதே அதை அவன் கழற்றி எறிந்துவிட்டான். சுவரில் ஒரு சுவிச் வைக்கலாம் என்று பூட்டவந்த ஆள் சொன்னதற்கும், "அதெல்லாம் பழைய காலம்" என்றான். ஆகவே இருக்கிற ஒரே வழி றிமோட்தான். பற்றரி முடிந்திருக்கும் என்று சந்திக் கடைக்கு ஓடினான். முதலில் வாங்கியது மணிக்கூட்டுப் பற்றரி, உள்ளே போகவில்லை. திரும்ப ஓடிச் சரியானதை வாங்கிப் போட்டான். கதவு இருந்தபடியே இருந்தது.

பிறகு யூரியூப். யாரோ ஒருவன் ஹிந்தியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். வின்சன்ட்டுக்கு ஹிந்தியில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். குசினிப் பக்கத்தால் கொட்டிலுக்குள் போக ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதால் போய்க் கதிரையில் ஏறி, மோட்டருக்குப் பக்கத்திலிருந்த பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு பொடிப் பட்டன், அதற்குப் பக்கத்தில் ஒரு பொட்டு லைற். வீடியோவில் காட்டியபடி, பட்டனை விடாமல் அமத்திப் பிடித்தால் பெட்டி பழைய றிமோட்டையெல்லாம் மறந்துவிடுமாம். பிறகு ஒருக்கால் தட்டிவிட்டு றிமோட்டை அமத்தினால் புதிதாகப் படித்துக்கொள்ளுமாம். இவன் மறக்கப்பண்ணினான். பிறகு தட்டினான். றிமோட்டை அமத்த விரலைத் தூக்கமுதலே லைற் இரண்டுதரம் மின்னியது.

"பாத்தியளே, உடன பிடிச்சிட்டுது!" என்று கதிரைமேல் நின்று கத்தினான்.

கதவு அசையவில்லை. அவன் முகம் கறுத்தது.

"அக்கா, காலமை கூட்டேக்க இந்தப் பெட்டியில தும்புத்தடி பட்டதோ?"

"நான் இந்தப் பக்கமே வரேல்லை."

"உங்களுக்கு உதொண்டும் விளங்காது. தட்டியிருப்பியள். வயரை இழுத்திருப்பியள். வெளிநாட்டுச் சாமானை இந்த வீட்டில வைக்கேலாது."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். ஓட்டோ பிடித்துப் போவோம், நேரம் போகிறது என்று மட்டும் சொன்னேன். பாவி நான், அப்போதும் கையெழுத்து வைக்கத்தான் அவசரப்பட்டேன்.

"நொத்தாரிசின்ர வாசல்ல நான் ஓட்டோவில போய் இறங்கவோ?" என்றான் வின்சன்ட்.

கடைசியில் நான் வஸீருக்குப் போன் எடுத்தேன். எருக்கலம்பிட்டி ஆள், நாற்பது வயதிருக்கும். எங்கள் கந்தோருக்கு வயரிங் வேலை செய்து பழக்கம். கட்டாரில் ஒன்பது வருசம் இப்படிப்பட்ட கதவுகளோடுதான் மாரடித்தவன். அரைமணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

வின்சன்ட் அவனை மேலும் கீழும் பார்த்தான். "தம்பி, இது இத்தாலிச் சாமான். கவனம்."

வஸீர் கதிரையில் ஏறி மோட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தான். "சைனா எண்டுதான் போட்டிரிக்கி, அண்ணன்" என்றான். நான் குசினிப் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

அவன் றிமோட்டைத் தொடவே இல்லை. அந்தப் பொட்டு லைற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். "அண்ணன், றிமோட்டிலயிரிந்து கைய எடுங்க."

"எடுத்திட்டன்."

"படிப்பிக்கக்குள்ள, நீங்க அமத்த முந்தியே லைற் மின்னினதா?"

"ஓம். அவ்வளவு கெதியாப் பிடிச்சது."

"பிடிச்சது இதை இல்ல. இப்பவும் பாருங்க, ஒருத்தரும் தொடல்ல, லைற் துடிச்சிக்கிட்டே இரிக்கி. வேற ஒரு றிமோட் இந்த வீட்டுக்குள்ள எங்கயோ அமந்துபோய்க் கெடக்கு. அது விடாமக் கத்துது. அதால நீங்க சொல்றது மோட்டருக்குக் கேக்காது. மத்த றிமோட் எங்க?"

"ஒண்டுதான் தந்தவங்கள்" என்றேன் நான்.

"வாங்கக்குள்ளயே பெட்டியில ரெண்டு வரும், அக்கா."

வின்சன்ட்டின் காதுமடல் சிவந்துவிட்டது. "அது… ஒரு பத்திரமான இடத்தில இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு நடந்தான். குசினியைத் தாண்டினான், விறாந்தையைத் தாண்டினான், என் அறைக்குள் நுழைந்தான். நான் பின்னாலேயே போனேன். வஸீர் அறை வாசலோடு நின்றுகொண்டான்.

என் தம்பி மடு மாதாவை இரண்டு கையாலும் தூக்கினான். சுரூபத்துக்கு அடியில் இரண்டாவது றிமோட் கிடந்தது. 'கீழே' என்ற பட்டன் அமந்து, அதன் லைற் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. காலை பத்து மணியிலிருந்து அந்தச் சீமெந்துப் பாரம் பட்டனை அமத்த, கதவை இறக்கு இறக்கு என்று அது மோட்டருக்குக் கட்டளை போட்டுக்கொண்டேயிருந்திருக்கிறது.

"மாதாட பாதத்தில இருந்தா ஆசீர்வாதம் எண்டு…"

"பாதத்திலயோ, பாதத்துக்குக் கீழயோ?"

"அதில்லை அக்கா. உங்கட கையில தந்தா எங்கயாவது வைச்சு மறந்திடுவியள். இல்லாட்டி ஆருக்கும் குடுத்து, கண்டவன் நிண்டவனெல்லாம் உள்ள வந்து… உங்களுக்கு விளங்கும்தானே. மாதாவை நீங்கள் தூக்கிப் பாக்கமாட்டியள்."

எனக்கு நன்றாக விளங்கியது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அவன் காலையில் மாதாவுக்கு முன் நின்றது செபத்துக்கு அல்ல. என்னிடமிருந்து ஒளிக்க. நான் தினமும் முழந்தாளில் நிற்கிற இடத்தில், நான் தொடமாட்டேன் என்ற நம்பிக்கையில் ஒளித்திருக்கிறான். என் பக்தியில் அவனுக்கு நம்பிக்கை இருந்தது, என்னில் இல்லை. கண் கலங்கியதை நினைக்க வெட்கமாக இருந்தது. இருபத்தெட்டு வருசம் ஊராரின் பதிவுத் தபால் எல்லாம் என் கையால்தான் போனது. ஒரு கடிதம் தவறியதில்லை. இவனுக்கு நான் கள்ளி.

வஸீர் ஒன்றும் கேட்காதவன்போல, வின்சன்ட்டின் றிமோட்டிலிருந்த புதுப் பற்றரியைக் கழற்றி மற்றதற்குள் போட்டான். "பெட்டி இதைத்தான் படிச்சு வெச்சிரிக்கி" என்றான். வின்சன்ட் கையை நீட்டினான். வஸீர் அதை என் கையில் தந்தான். "மேல் பட்டன அமத்துங்க, அக்கா."

அமத்தினேன். கதவு கடகடவென்று மேலே போனது. கடற்காற்றும் முன்வீட்டுப் பிள்ளைகளின் கைதட்டலும் ஒன்றாக உள்ளே வந்தன.

வின்சன்ட்டுக்கு உடனே எல்லாம் மறந்துபோயிற்று. காரை வெளியே எடுத்து, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். "ஏறுங்கோ அக்கா, கெதியா. அடையாள அட்டை எடுத்தனீங்களோ?"

"எடுத்தனான். ஆனா நான் வரேல்லை."

"என்ன?"

"ஒரு றிமோட்டை நம்பித் தராதவனுக்கு நான் காணியை எழுதித் தாறதோ?"

"ஐயோ, அது வேற, இது வேற!"

"வேறதான். அது விரலளவு சாமான். இது அம்மா எனக்குத் தந்த நிலம்."

அவன் கத்தினான். தான் கொட்டின மாபிளைச் சொன்னான், பிரான்சில் குளிரில் நின்றதைச் சொன்னான், நான் செத்தால் என்னைத் தூக்க ஆர் வருவார் என்றும் கேட்டான். கடைசியாகக் கேட்டது நெஞ்சில் பட்டது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் ஏறவில்லை. அவன் காரின் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு, நொத்தாரிசைக் கொண்டு என்னை வழிக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனான்.

வஸீர் பெட்டிக்குப் பக்கத்தில் வின்சன்ட்டின் றிமோட்டோடு நின்றான். "இதையும் படிப்பிச்சு விடவா, அக்கா?"

"ஒண்டு காணும், தம்பி. மற்றது வேண்டாம்" என்றேன். அவன் அதை மேசையில் வைத்துவிட்டுச் சாமான்களை அடுக்கினான். நான் கதவை இறக்கினேன். பிறகு இருவரும் தேத்தண்ணி குடித்தோம்.

ஐந்தரைக்கு வாசலில் கார் வந்து நின்றது. ஹோர்ன் அடித்தான். நான் கதிரையில் இருந்தபடியே இருந்தேன். இன்னொருதரம் அடித்தான். முன்வீட்டில் ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். பிறகு அவன் இறங்கி, தன் காசில் போட்ட றோலர் கதவைக் கையால் தட்டினான்.

"அக்கா… ஒருக்காத் திறந்து விடுங்கோ."

திறந்துவிட்டேன். தம்பிதானே, தெருவில் நிற்கவிட முடியுமா. கார் உள்ளே போனதும் கதவை இறக்கி, றிமோட்டை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். லீவு முடிந்து விமானம் ஏறும் நாள்வரைக்கும் அவன் ஒவ்வொரு தரமும் வெளியில் நின்று என்னைக் கூப்பிட்டுத்தான் உள்ளே வந்தான்.