சொர்ணா வீட்டில் தேரி தங்கிய வாரம்

ஆடி பிறந்தால் கள்ளிவிளையில் தேரி வீடு வீடாக முறை வைத்துத் தங்கும். வாரத்துக்கு ஒரு வீடு. ஊருக்கு மேற்கே வேலி கட்டி, பெஞ்சு போட்டு, 'தேரிப் பூங்கா' என்று பலகை வைத்திருக்கிறார்களே, அந்தச் செம்மணல் மேடுதான். காற்று திரும்பியதும் வேலிக்கு அடியில் நுழைந்து, தெருவோடு வந்து, முறைக்காரர் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கும். "வாங்க" என்று சொன்னால்தான் உள்ளே வரும். அந்த விஷயத்தில் மரியாதை தெரிந்தது.

தங்க வைக்கிற வீட்டுக்கு இரண்டே கடமைதான். தேரி போகிறவரை வீட்டைப் பெருக்கக் கூடாது. அந்த வாரத்தில் ஊர்க்கூட்டம் வந்தால் தேரியைக் கையோடு கூட்டிப் போக வேண்டும்.

இந்த ஆடியில் முதல் முறை சொர்ணபுஷ்பத்தின் வீடு. அதே வாரம்தான் நாலுவழிச் சாலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டமும் வந்தது. சாலை பூங்கா வழியாகப் போவதா வேண்டாமா என்று ஊர் இரண்டாக நின்றது. தேரி சொல்வதே முடிவு என்று மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

சொர்ணாவுக்குச் சாலை வேண்டும். அவள் புருஷன் சித்திரைவேல் சென்னையில் ஒரு ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். பொங்கலுக்கு ஒருமுறை, கோயில் கொடைக்கு ஒருமுறை வருவான். பிள்ளை சுயம்பு பிறந்தபோது போனில்தான் பார்த்தான். சாலை வந்தால் பூங்கா முக்கில் கடை போடலாம், அவனும் ஊரோடு வந்துவிடலாம். அதற்காக அவள் ஒரு புரோட்டாக் கல் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். 'சொர்ணா நாலுவழி புரோட்டா ஸ்டால்' என்று போர்டும் எழுதியாகிவிட்டது. சாலை இன்னும் ஒரு வழிகூட வரவில்லை. ஆனால் தண்ணீர்க் குழாயடிக்குப் போகும்போது அவள் நடையில் ஏற்கெனவே ஒரு முதலாளி வந்திருந்தாள். பாத்திரம் விளக்கும்போது, "சால்னா இன்னும் ஊத்தவா அண்ணாச்சி?" என்று முருங்கை மரத்திடம் பழகிப் பார்ப்பாள். மரம் போதும் என்று சொன்னதில்லை.

தேரி வந்த அன்று அவள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி உபசரித்தாள். குடித்தது. இன்னொரு குடம் ஊற்றினாள். அதுவும் போன இடம் தெரியவில்லை.

"ரோட்டைப் பத்தி என்ன நினைக்கிய?" என்று நைசாகக் கேட்டாள்.

"ரெண்டு மனசா இருக்கு, தாயி" என்றது தேரி. ஓலை உரசுவது போன்ற குரல். "அடுப்படிப் பக்கம் கிடக்குற மனசு வரட்டுங்குது. வாசப்பக்கம் கிடக்குறது வேண்டாம்ங்குது."

சொர்ணா தலையாட்டிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் நின்றாள். கோலம் போட வேண்டும். பெருக்காமல் எப்படிக் கோலம் போடுவது? பெருக்கக் கூடாது என்று சொன்னார்களே தவிர, வாசலையுமா சொன்னார்கள்? வீடு வேறு, வாசல் வேறு என்று அவளுக்கே அவள் நன்றாக விளக்கிச் சொன்னாள். விளக்கி முடிப்பதற்குள் கை பாதி வாசலைப் பெருக்கிவிட்டிருந்தது. மிச்சத்தை விட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும். அள்ளிக் குப்பைக் குழியில் போட்டாள். ஆடிக் காற்று குழியைத் துடைத்து எடுத்துப் போயிற்று. அடுத்தடுத்த நாளும் கோலம் போட்டாள். தெருவிலேயே அந்த வாரம் அவள் வாசல்தான் பளிச்சென்று இருந்தது.

கூட்டத்துக்கு ஒரு நாள் முன்னால் மட்டும், துடைப்பத்துக்கு முந்தி சுயம்பு வாசலுக்குத் தவழ்ந்து போய், ஒரு பிடி தேரியை வாயில் போட்டு விழுங்கிவிட்டான். பல் முளைக்கிற பிள்ளை. சொர்ணா விரலை விட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொடுத்தாள்.

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. சாலை ஆபீசர் சாலையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கோரைப்பாய் போலச் சுருட்டி, கயிறு கட்டி, மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். உள்சுற்றில் வெள்ளைக் கோடு தெரிந்தது. சொர்ணா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வர, தேரி பின்னால் வந்து பெஞ்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்தது.

எதிர்ப்பக்கத்துக்கு எஸ்தர் மைனி பேசினாள். சொர்ணாவுக்கு அடுத்த வீடு. "தேரி குடிக்கிற மழையத்தானய்யா நாம கிணத்துல கோருதோம்? அது மேல தாரை ஊத்தினா மழை எந்த வழியா இறங்கும்? சாயங்காலம் பூங்கா பெஞ்சுல உக்காந்து காத்து வாங்கவா, லாரிப் புகை வாங்கவா?"

"பெஞ்சுல உக்காந்து மைனி காத்தா வாங்குது? ஊர் வம்பு வாங்குது" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"வம்புக்கும் நல்ல காத்து வேணும்லே!" என்றாள் மைனி.

பஞ்சாயத்துத் தலைவர் ஆதிலிங்கம் எழுந்து தேரியைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்க சொல்லுங்க."

"எனக்குச் சம்மதம்" என்றது தேரி.

சொர்ணாவுக்குச் சித்திரைவேல் பையோடு படியேறுவது கண்ணில் தெரிந்தது. ஆபீசர் பேனாவைத் திறந்தார். எஸ்தர் மைனி மட்டும் தேரியைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தாள்.

"ஏட்டி சொர்ணா, இது ஒரு பக்கம் ஒட்டிக் கிடக்கே. பெருக்கினியா?"

"வாசல மட்டுந்தான் மைனி."

"வாசல மட்டுந்தானா!"

"கோலம் போடாம எப்படி மைனி இருக்க?"

அது நியாயம்தான் என்று பெண்கள் பக்கத்தில் ரெண்டு பேர் சொன்னார்கள். பெருக்கியதை எங்கே போட்டாள் என்று தலைவர் கேட்டார். குழி, காற்று எல்லாம் சொன்னாள். காற்று கொண்டுபோனதைச் சபை திரும்பக் கேட்க முடியாது. இருக்கிற தேரி சொன்னதையே எழுதிக்கொள்ளலாம் என்று தலைவர் கையைத் தூக்கினார்.

அப்போது சுயம்பு வாயைத் திறந்தான். அதுவரை ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. உள்ளே ஓலை உரசுகிற சத்தம் கிளம்புவது இடுப்பில் வைத்திருந்த சொர்ணாவுக்கு மட்டும் கேட்டது. பிள்ளைக்குக் கொடுக்கக் கொண்டுவந்த ரஸ்க் அவள் கையில் இருந்தது. அதை அந்த வாயில் வைத்தால் போதும். சப்பி முடிப்பதற்குள் ஆபீசர் எழுதி முடித்துவிடுவார். கல் இருக்கிறது, போர்டு இருக்கிறது, புருஷன் வந்துவிடுவான்.

அவள் ரஸ்க்கைப் பிள்ளையின் உதடுவரை கொண்டுபோனாள். பிறகு தன் வாயில் போட்டுக் கடித்தாள். ஒரு கடியில் போகவில்லை. முழுசையும் நின்றபடியே தின்றாள்.

"வேண்டாம்" என்றான் சுயம்பு, தேரியின் குரலில். "என் மேல பாதை படுத்துச்சுன்னா மழை உள்ள வராது." சொல்லிவிட்டு ஏப்பம் விட்டான்.

"அதுவும் நான் சொன்னதுதான்" என்றது தேரி.

"பெத்தவளுக்கு இல்லாத புத்தி பிள்ளைக்கு இருக்கு பாத்தியளா?" என்றாள் எஸ்தர் மைனி. சொர்ணா உதட்டில் ஒட்டிய ரஸ்க் தூளைத் துடைத்தாள். மற்ற பிள்ளைகள் முதல் வார்த்தையாக 'அம்மா' சொல்லும். தன் பிள்ளை ஆட்சேபம் சொல்லியிருக்கிறது என்று சித்திரைவேலிடம் போனில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ரெண்டு மனசு இருக்கிற இடத்தில் சாலை போட விதியில்லை என்று ஆபீசர் பேனாவை மூடினார். சாலையைக் கொண்டுவந்த லாரி போய்விட்டது. திரும்பி வரும்வரை சாலை எங்கே தங்கும் என்று கேட்டார். தலைவர் முறை பார்த்தார். அன்றோடு சொர்ணாவின் வாரம் முடிந்து தேரி எஸ்தர் மைனி வீட்டுக்குப் போகிறது. அப்படியானால் காலியாக இருப்பது சொர்ணா வீடுதான்.

நாலைந்து பேர் சாலையை உருட்டிவந்து அவள் முற்றத்தில் சுவரோரம் படுக்க வைத்தார்கள். "வாங்க" என்று சொன்னாள். தண்ணீர் வைத்தாள். சாலை தொடவில்லை.

மறுநாள் காலையில் முற்றத்தைப் பெருக்கும்போது வெள்ளைக் கோட்டில் கொஞ்சம் துடைப்பத்தோடு வந்துவிட்டது. இந்த முறை குழியில் போடவில்லை. முறத்தில் எடுத்துப் பத்திரமாக ஓரத்தில் வைத்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து கல்லை இழுத்து அடுப்பில் ஏற்றி, மாவு பிசைய உட்கார்ந்தாள்.

சுருளுக்குள் எங்கோ ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதன் வாயிலிருந்து ஒரு சென்னை பஸ் வெளியே வந்து, துணிக்கொடிக்குக் கீழே நின்றது. சித்திரைவேல் பையோடு இறங்கினான். பின்னாலேயே பஸ்காரர்களும் பயணிகளும் இறங்கி, கை கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்டார்கள்.

"கல்லு காஞ்சிட்டா?" என்றான் சித்திரைவேல்.

"காயுது. எல்லாரையும் காலை உதறிட்டு வரச் சொல்லுங்க" என்றாள் சொர்ணா. "இப்பதான் பெருக்கினேன்."