எல்வுடின் கடைவாய்ப் பல்

மதியம் பன்றிக்கறி வைத்த ரொட்டியைக் கடித்தபோதுதான் எல்வுடுக்குத் தெரிந்தது, கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த உறையைக் காணவில்லை. நாக்கால் துழாவிப் பார்த்தான். பள்ளம்தான் அகப்பட்டது.

காலையில் பல் துலக்கும்போது இருந்தது. அப்புறம் நினைவில்லை. இடையில் மூன்று மணி நேரம், கப்பலின் அணு உலைக்குத் தண்ணீர் போகும் குழாயின் மேல் கவிழ்ந்து புது வால்வைப் பொருத்தியிருந்தான். வேலை மும்முரத்தில் வாயைப் பிளந்து வைத்துக்கொள்வது அவன் பழக்கம். பாழாய்ப் போன பழக்கம்.

அந்த வால்வுக்காக விமானந்தாங்கிக் கப்பல் பதினான்கு மாதம் வர்ஜீனியாவின் ஆற்றங்கரைக் கப்பல் தளத்தில் காத்துக் கிடந்தது. குழாய்க்குள் எதுவும் விழுந்துவிடக் கூடாதென்று சுற்றிலும் கூடாரம் போட்டிருந்தார்கள்; வாசலில் காவலுக்குக் கர்டிஸ் பேரேட்டோடு உட்கார்ந்திருப்பான். உள்ளே போகும் பேனா, கண்ணாடி எல்லாம் அதில் ஏறும். வெளியே வரும்போது சரிபார்க்கப்படும். கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றித் தட்டில் வைக்க வேண்டும். பல்லைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

வால்வைத் திறந்தால் கசிவைத் தடுக்கும் அதன் சீல் வளையம் வீண். ஒருமுறை நசுங்கினால் மறுபடி உதவாது. கையிருப்பில் வேறில்லை, வர ஒன்பது நாளாகும். இந்தக் கப்பல் போனால்தான் கடலில் எட்டு மாதமாக நிற்கும் இன்னொரு கப்பல் திரும்ப முடியும். அதில் இருப்பவன் மேஸ்திரி டெல்ஃபினின் மகன். பதினான்காம் தேதி அவனுக்குக் கல்யாணம். மகன் கல்யாணத்துக்குத் தான் வாங்கிய ஊதாக் கவுனை டெல்ஃபின் போனில் காட்டாத ஆள் தளத்தில் கிடையாது.

முழுங்கியிருப்பாய் என்று மனசு எல்வுடுக்காக வக்காலத்து வாங்கியது. ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

"டெல்ஃபின், என் பல்லு உறை காணோம்."

"அதுக்கு டாக்டர்கிட்ட போ. எங்கிட்ட ஏன் வர்றே?"

"எங்க விழுந்துச்சுன்னு தெரியல. காலைல குழாய் திறந்துதான் கெடந்துச்சு."

அவள் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். குழாயில் விழவில்லை என்று சத்தியம் பண்ண முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றான்.

"அப்ப திறக்கத்தான் வேணும்," என்றாள்.

திறந்தார்கள். கேமராவை விட்டு இரண்டு நாள் தேடினார்கள். ஒன்றுமில்லை. மூன்றாம் நாள்தான் எல்வுடையே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்று யாருக்கோ தோன்றியது. உறை அவன் குடலில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

தளமே சிரித்தது. சிரித்து முடித்ததும் திட்டியது. அவன் அலமாரிக் கதவில் யாரோ பல் துலக்கும் பிரஷ்ஷைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கல்யாணம் இருபத்தெட்டாம் தேதிக்குத் தள்ளிப்போனது. டெல்ஃபின் மட்டும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் சீல் வந்தது. கூடவே புது விதியும் வந்தது: கூடாரத்துக்குள் போகிறவர்கள் வாயைத் திறந்து காட்ட வேண்டும். கர்டிஸ் டார்ச்சோடு நின்றான். இது என்ன மாட்டுச் சந்தையா, பல்லைப் பிடித்துப் பார்க்க என்று வரிசை முணுமுணுத்தது. எல்வுட் கடைசியில் தலை குனிந்து நின்றான்.

டெல்ஃபின் வந்து நேரே முன்னால் போனாள். இருபத்திரண்டு வருடத்தில் உதட்டுச் சாயம் கலைந்து அவளை யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்று, வாய்க்குள் விரலை விட்டு, மேல் வரிசைப் பல் செட்டை மொத்தமாகக் கழற்றித் தட்டில் வைத்தாள். கன்னம் உள்ளே விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"பதினாலு பல்லு. எழுதிக்கோ கர்டிஸ்," என்றாள். வார்த்தைகள் காற்றாக வந்தன.

பிறகு வரிசையின் கடைசியைப் பார்த்தாள்.

"எல்வுட், அங்க என்ன வேலை? புது சீல் நீதான் போடணும், முன்னால வா."

அவன் வந்தான். டார்ச் வெளிச்சத்தில் அவன் வாயைப் பிளந்து நிற்க, அவள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இருபத்தெட்டாம் தேதிக்குள்ள அந்தப் பள்ளத்தை அடைச்சுடு," என்றாள். "போட்டோல நீ என் பக்கத்துலதான் நிக்கப் போறே."