முன்னேற்றம் திருப்திகரம்

கதவைத் திறந்த விஜயலக்ஷ்மி மாமி, மங்கையர்க்கரசியின் கையில் இருந்த பிளாஸ்டிக் ஃபைலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தாள். பேராசிரியர் சௌந்தரராஜனுக்குப் பக்கவாதம் வந்த புதிதில் வந்தவர்கள் எல்லோரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். பல்கலைக்கழகத்துக்காரர்கள், கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள், பஜனைக் கோஷ்டி என்று ஒரு வாரம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. பிறகு ஆப்பிள்காரர்கள் நின்றுபோனார்கள். ஃபைல்காரர்கள் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி பில் விஷயமாக ஒருவன், வங்கியிலிருந்து ஒருவன், இப்போது அவருடைய ஆராய்ச்சி மாணவி. வராதே என்று சொல்ல மாமியின் நாகரிகம் இடம் கொடுக்கவில்லை. வா என்று சொல்ல மனம் இடம் கொடுக்கவில்லை. செருப்பை எங்கே விடுவது என்று தடுமாறிய மங்கை, கடைசியில் மாடிப்படியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

சாரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலையைப் படிய வாரி, வகுப்புக்குக் கிளம்புகிறவர் மாதிரிதான் இருந்தார். வலது கை மட்டும் மடியில் ஒரு சின்னத் தலையணைமேல் கிடந்தது. வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. மங்கை வணக்கம் சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். புரிகிறதா இல்லையா என்று டாக்டர்களுக்கே நிச்சயமில்லை என்று துறையில் பேசிக்கொண்டார்கள்.

அவர் ஒன்றும் அன்பான மனிதர் இல்லை. மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கும் குடும்பம். ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு பெண் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே, தமிழில் இரண்டு வார்த்தை பேசுவோம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஹூக்ளி ஆற்றுப் படகுத்துறைகளில் வெள்ளைக்காரன் வசூலித்த சுங்கம் பற்றி அவள் எழுதிக் கொடுப்பதையெல்லாம், ஓரத்தில் கோடு கிழித்துத் திருப்பித் தருவார். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். அவரிடம் பயந்து பயந்து ஓட்டியவள்தான் மங்கை. ஆனாலும் அவர் திட்டாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது.

அவள் வந்த காரியம் உதவித்தொகை. இந்த மாணவி என் மேற்பார்வையில் ஆய்வு செய்கிறாள், முன்னேற்றம் திருப்திகரம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைடு கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். போட்டாலும் ஒழுங்காக வந்த சரித்திரம் கிடையாது. இந்த முறை துர்கா பூஜை விடுமுறைக்கு அலுவலகத்தை மூடுவதற்குள் சான்றிதழ் போகாவிட்டால் அடியோடு நிறுத்திவிடுவார்கள். டாக்குரியாவில் அவள் இருக்கும் அறைக்கு வாடகை பாக்கி. அதுகூடப் பரவாயில்லை, வீட்டுக்கார அம்மாள் முணுமுணுப்போடு விட்டுவிடுவாள். எம்.ஏ. படிக்க வாங்கிய கல்விக் கடனுக்கு இந்தப் பணத்திலிருந்துதான் தவணை போய்க்கொண்டிருந்தது. தவணை தவறியதும் வங்கியிலிருந்து அப்பாவைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதே கிளையில்தான் தங்கை அக்‌ஷயா நர்ஸிங் படிக்கக் கடன் கேட்டிருந்தாள். பெரியவள் கணக்கு நேரானால்தான் சின்னவளுக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கல்லூரி கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அக்‌ஷயா எதுவும் கேட்கவில்லை. யூனிஃபார்முக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன் என்று மட்டும் போனில் சொன்னாள். அதைத்தான் மங்கையால் தாங்க முடியவில்லை.

துறைத் தலைவர் ஒரு வழி சொல்லியிருந்தார். வேறு கைடுக்கு மாறிக்கொள்ளலாம், ஆனால் பழையவரின் சம்மதக் கடிதம் வேண்டும். சாரின் இடது பெருவிரல் ரேகையை உருட்டி, மனைவி சாட்சி போட்டால் போதும். மங்கை அதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமி தலையை ஆட்டத் தொடங்கிவிட்டாள்.

"அது மாத்திரம் முடியாதும்மா. ஸ்டூடண்ட்ஸை மாத்தினா அடுத்தது மெடிக்கல் போர்டுதான். இவரால இனிமே ஆகாதுன்னு எழுதிடுவா. பூஜா முடிஞ்சு ஜாயின் பண்ணிடுவார்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கேன்."

மங்கை சாரைப் பார்த்தாள். காளிகாட் மெட்ரோவில் இறங்கி வரும் வழியெல்லாம் பந்தலுக்கு மூங்கில் கட்டியிருந்தார்கள். நடைபாதையில் இடமில்லாமல் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில்தான் நடந்து வந்திருந்தாள். இந்த மனிதர் அந்தப் பூஜைக்குள் எழுந்து நடப்பார் என்று மாமி நம்பவில்லை. நம்பாமலே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

மாமிக்கும் ஒரு கணக்கு இருந்தது. பையன் உதய் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். இரண்டாம் வருஷத்தில் துறையிலேயே உதவியாளர் வேலை கொடுத்துப் பீஸைத் தள்ளுபடி செய்வோம் என்று சொன்னவர்கள், அவனுடைய பேராசிரியருக்கு வர வேண்டிய நிதி நின்றதும் கையை விரித்துவிட்டார்கள். முதல் வருஷத்துக்கு ஒரு கடன், இரண்டாம் வருஷத்துக்கு இன்னொரு கடன், எல்லாமே சாரின் சம்பளத்தைக் காட்டி வாங்கியது. ரிட்டயர் ஆகும்வரை அந்தச் சம்பளம் வந்தால் பையன் கரையேறிவிடுவான். அப்பாவுக்கு இவ்வளவு மோசம் என்று அவனுக்குத் தெரியாது. வீடியோ காலில் மாமி சாரின் இடது பக்க முகத்தை மட்டும் காட்டுகிறாள். அப்பா ஏன் பேசவில்லை என்றால், டாக்டர் பேசக் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்கிறாள். இதையெல்லாம் அவள் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். யாரிடமாவது சொல்லிவிட வேண்டுமென்று காத்திருந்த மாதிரி இருந்தது.

மங்கைக்கு எரிச்சல்தான் வந்தது. கார் ஓட்டிக்கொண்டு அமெரிக்காவில் படிக்கிறவனும் யூனிஃபார்முக்கு அளவு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவளும் ஒன்றா? அவனிடம் கார் இருக்கிறதா என்றே அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் மனதுக்குள் ஒரு காரை வாங்கிக் கொடுத்துத் திட்டினாள்.

"என் தங்கச்சி சேர முடியாமப் போயிரும் மாமி," என்றாள்.

மாமி எழுந்து உள்ளே போனாள். காபி போடப் போகிறாள், குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று மங்கை நினைத்தாள். திரும்பி வந்தவள் கையில் சாரின் பேனாவும் ஒரு பழைய ஆங்கிலப் பேப்பரும் இருந்தன. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த சர்டிபிகேட்டை எடு என்றாள். பேப்பரின் ஓரமெல்லாம் ஏற்கெனவே சாரின் கையெழுத்து, லீவு லெட்டருக்காக மாமி போட்டுப் பழகியது. மேலே இருந்தவை நடுங்கியிருந்தன. கீழே வர வர அசலாகியிருந்தன. இன்னும் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டு, சான்றிதழில் ஒரே மூச்சில் போட்டாள். போட்டவள் காகிதத்தைக் கொடுக்கவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை சனிக்கிழமை இங்க வா. நீ எழுதினதை இவர்கிட்ட வாசி. யார் கேட்டாலும் சார்தான் கைட் பண்றார்னு சொல்லு. பொய் இல்லையே, நீ வாசிக்கத்தானே போறே."

சார் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கை அந்தப் பக்கம் திரும்பவில்லை. "சரிங்க மாமி," என்றாள். ஃபைலில் வைக்கும் முன் மை காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள்.

பணம் வந்தது. முழுப் பணமும் இல்லை, கடன் கணக்கை நேராக்கப் போதுமான அளவு. அக்‌ஷயா கல்லூரியில் சேர்ந்து, வெள்ளை யூனிஃபார்மில் ஒரு படம் அனுப்பினாள். அன்று டாக்குரியா ஸ்டேஷனில் நின்று மங்கை அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு ரயிலை விட்டுவிட்டாள். சந்தோஷமாக இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. பூஜை முடிந்தது. பந்தல்களைப் பிரித்துவிட்டார்கள். சார் வேலையில் சேரவில்லை. மாமி லீவை நீட்டித்து இன்னொரு கடிதம் அனுப்பினாள். சனிக்கிழமைகளில் மங்கை நாற்காலியைச் சாருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு அத்தியாயங்களை வாசித்தாள். அவரைப் பார்த்துக்கொள்ள வரும் வங்காளி மாஷி நடுநடுவே வந்து வாயோரம் துடைத்துவிட்டுப் போவாள். சில நாள் அவர் தூங்கிவிடுவார். கோடு கிழிக்க ஆளில்லாமல் மங்கையின் ஆய்வு, ஆளில்லாத வீட்டுத் தோட்டம் மாதிரி கண்டபடி வளர்ந்தது. நல்லதில்லை என்று அவளுக்கே தெரிந்தது. பக்கங்கள் கூடினால் போதுமென்று எழுதினாள்.

அடுத்த சான்றிதழுக்கான நாள் நெருங்கிய ஒரு சனிக்கிழமை துறைத் தலைவர் போன் செய்தார். மாமி வங்காள மொழியில் குசலம் விசாரித்துச் சிரித்துப் பேசிவிட்டு, மாணவி இங்கேதான் இருக்கிறாள், அவளையே கேளுங்கள் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மங்கையிடம் நீட்டினாள். புகார் வந்திருக்கிறது என்றார் அவர். சார் நிஜமாகவே உன் வேலையைப் பார்க்கிறாரா? பேசுகிறாரா?

மங்கை பேசினாள். போன வாரம் முழுக்க விவாதித்தோம் என்றாள். படகோட்டிகள் கொடுத்த மனுக்களைத் தனி அத்தியாயமாக எழுதச் சொன்னார், முன்னுரையைச் சுருக்கச் சொன்னார், இரண்டு புத்தகம் படிக்கச் சொன்னார் என்று ஆங்கிலத்தில் தடங்கல் இல்லாமல் வந்தது. இவ்வளவு சரளமாகத் தன் ஆய்வைப் பற்றி அவள் எங்கேயும் பேசியதில்லை. மாமி பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ரொம்ப சந்தோஷம், அவரிடமே கொடு, குரலைக் கேட்டால் போதும் என்றார் தலைவர்.

அப்போதுதான் சார் சிரித்தார். முதலில் அது சிரிப்பென்றே மங்கைக்குப் புரியவில்லை. வாயின் ஒரு பக்கம் மட்டும் திறந்து, தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கிளம்பி, தோள் குலுங்கி, நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. என்ன சத்தம் அது என்றார் தலைவர். மாமி பாய்ந்து வந்தாள். ஏன்னா, வேண்டாம்னா என்று கிசுகிசுத்துக்கொண்டே, அன்று காலை சவரம் செய்துவிட்ட அந்த முகத்தை நெஞ்சோடு சாய்த்து, உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம் சார், இந்தப் பாராவை முடிக்கச் சொல்றார்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் மங்கை. பொத்திய கைக்கு மேலே சாரின் இரண்டு கண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பி, விட்ட இடத்திலிருந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தாள்.