தாடைக்குக் கீழே ஒரு கொக்கி

ஏப்ரல் மாதம், மழையோடு ஆலங்கட்டியும் விழுந்துகொண்டிருந்தது. நாப் ஆற்றங்கரையில் அன்று டூயத்லான்: ஓட்டம், சைக்கிள், மீண்டும் ஓட்டம். முதல் மூன்று பெண்களுக்கு உலகப் போட்டிக்கான தேசிய அணியில் இடம். என் தங்கை வ்ரோனிக்கு வயது முப்பத்தெட்டு. இதுதான் கடைசி முறை என்று அவளே சொல்லியிருந்தாள்.

சைக்கிளை விட்டுவிட்டு ஓட்டத்துக்கு மாறும் நிறுத்துமிடத்தில் நான் நடுவர்.

"கிரெகோர், உன் தங்கச்சி வர்ற வரிசைல நீ நிக்காதடா. நான் நிக்கறேன்," என்றார் எங்கள் கிளப்பின் மூத்த நடுவர் ஹூபெர்ட்.

"ஏன், கண்டுக்காம விட்டுடுவேன்னு நினைக்கறீங்களா?"

"விடமாட்டியேன்னுதான்டா பயம். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே மேஜைல உக்காந்து சாப்பிடணும்ல?"

சிரித்தேன். இடம் மாறவில்லை.

வ்ரோனி டிரையத்லானில்தான் தொடங்கினாள். தேசிய அளவில் இரண்டு பதக்கங்கள். மூன்று வருடங்களுக்கு முன் திடீரென்று நீச்சலை விட்டாள். "தண்ணிக்கும் எனக்கும் இனிமே ஒத்துவராது," என்றாள். நீச்சல் இல்லாத டூயத்லானுக்கு மாறி, ஐரோப்பியப் போட்டியில் வெண்கலமும் வாங்கினாள். காரணம் நாங்கள் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அதிகம் கேட்பதில்லை.

அன்று சைக்கிளை மூன்றாவதாகக் கொண்டுவந்தாள். சைக்கிளைக் கம்பியில் மாட்டிய பிறகுதான் ஹெல்மெட்டின் கொக்கியைத் தொடலாம், அது விதி. கம்பிக்கு நான்கடி முன்பே அவளுடைய இடது கை தாடைக்குக் கீழே போனது. வார் அவிழ்ந்து தொங்கியது. என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

விசிலை ஊதினேன்.

பதினைந்து விநாடி நிறுத்தம். ஒன்பது விநாடி வித்தியாசத்தில் நான்காவதாக வந்தாள்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே காருக்குப் போனேன். அவள் மடியில் தேநீர் ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திறக்கவில்லை.

"திட்டிடு, வ்ரோனி."

"எதுக்கு? தொட்டேன், பார்த்த."

"உனக்குத் தெரியாத விதியா? அப்படி என்னடி அவசரம்?"

"அவசரம் இல்ல."

வலது கையை நீட்டினாள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தேடிப் போய், தொடாமல் நின்றன. நடுவே சதை குழிந்திருந்தது.

"இது கொக்கிய அழுத்தாது. இடது கையும் குளிர்ல தடுமாற ஆரம்பிச்சிடுச்சு. அதான் ஓடிக்கிட்டே கழட்டப் பார்த்தேன்."

"எப்பலேர்ந்து?"

"நீச்சலை விட்டதுலேர்ந்து."

காருக்குள் ஏறி, கதவைச் சாத்தினேன்.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"போன மாசம்தான் வியாதிக்குப் பேர் வச்சார். மருந்து இல்லையாம். உலகப் போட்டி முடிஞ்சதும் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்." தன் முழங்கால்களைப் பார்த்தாள். "கால் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அதுங்களுக்கு இன்னும் சேதி போகல."

ஃபிளாஸ்க்கை வாங்கித் திறந்தேன். ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தாள்.

"ஹூபெர்ட்கிட்ட சொல்லிடாத. அந்த மனுஷன் அழுதுடுவாரு."

"சொல்லமாட்டேன்."

"சரி, வண்டிய எடு."

அவளுடைய சீட் பெல்ட்டை நானே இழுத்தேன். அவள் தடுக்கவில்லை. என் கழுத்தில் தொங்கிய விசில் அவள் தோளில் இடித்தது. கொக்கி முதல் தடவை விழவில்லை. இரண்டாவது தடவையும் விழவில்லை.

"மெதுவா," என்றாள் வ்ரோனி. "நேரமிருக்கு."