பத்து நிமிடம், நாய் வேண்டாம்

வேதவல்லி கொடுத்த சரக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் திரும்பி வந்தது. அதையும் அவள் காசுக்கு விற்கவில்லை, இலவசமாகத்தான் கொடுத்தாள். இலவசமாகக் கொடுத்ததையே ஒருவர் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனால், அந்த வலியை எந்தப் பஞ்சாயத்தில் போய்ச் சொல்வது?

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை நடத்தும் குடும்பம் அவளுடையது. மருத்துவமனை ஸ்கேன் கருவிகளின் மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்கு ஜெர்மனியில் எர்லாங்கன் நகருக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. சைக்கிளில் ஆபீஸ் போகப் பழகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஊரே கடையடைத்துக் கிடப்பதற்கும் பழகிவிட்டாள். ஒட்டிய சீட்டில் இருப்பதுதான் விலை, பேரமே கிடையாது என்பதற்கு மட்டும் இன்னும் பழகவில்லை. ஓய்வு நேரத்தில் கம்ப்யூட்டர் கேம் செய்வாள்.

டிரெஸ்டனில் சில மாணவர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் இணையத்தில் ஒரு கேம் போட்டி நடத்துகிறார்கள். போட்டி என்று பெயர்தானே தவிர, முதல் பரிசு இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது. சேருகிற ஒவ்வொருவரும் தனக்கு எந்த மாதிரி கேம் வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிப் போடவேண்டும். பனியோ குளிரோ அதில் எங்காவது இருக்கவேண்டும். சீட்டுகளைக் குலுக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். தனக்கு வந்த சீட்டுக்காரருக்கு மூன்று வாரத்தில் அந்தக் கேமைச் செய்து தரவேண்டும். கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் புனைபெயர்தான். முடித்த கேம்கள் இணையப் பக்கத்தில் பரிசுப் பெட்டிகளாக நிற்கும்; கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், டிசம்பர் 24 மாலை ஆறு மணிக்கு எல்லாப் பெட்டிகளும் திறக்கும். வாங்கியவர் 'இது எனக்கானது' என்ற பொத்தானை அழுத்தினால் பெட்டிப் படத்தின்மேல் சிவப்பு ரிப்பன் ஏறும். அழுத்தாவிட்டால் ஏறாது. ஏறியதா இல்லையா என்பதை உலகமே பார்க்கலாம் என்பதுதான் இதில் உள்ள கோளாறு.

சென்ற வருடம் அவளுக்கு வந்த சீட்டில், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கும் சின்ன கேம் ஒன்று கேட்டிருந்தார்கள். வேதவல்லி மீன் கொடுத்தாள். பிடித்த மீனை என்ன செய்வது? அதை விற்கச் சந்தை கொடுத்தாள். சந்தை என்றால் ஏலம் வேண்டாமா? ஏலமும் கொடுத்தாள். கொசுறு இல்லாமல் கொடுத்துப் பழக்கமில்லாத கை. வாங்கியவர், "மிக அழகாக இருக்கிறது. நிறைய உழைத்திருக்கிறீர்கள். நன்றி" என்று எழுதினார். பொத்தானை அழுத்தவில்லை. நூற்றுப் பதினெட்டுப் பெட்டிகளில் நான்கு, ரிப்பன் இல்லாமல் மொட்டையாக நின்றன. அவற்றில் ஒன்று அவளுடையது. ஜனவரி முழுக்க அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். கடையை மூடியபின்னும் வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பது போல.

இந்த வருடம் அவளுக்கு வேண்டியது அந்த ரிப்பன். வேறொன்றும் இல்லை.

படம் வரைய சாரங்காவைப் பிடித்தாள். சாரங்காவின் பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவள் ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்து, ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்க்கிறாள்.

"அக்கா, டிசம்பரிலை எங்களுக்குக் கலண்டர் அடிக்கிற வேலை. மூச்சுவிட நேரமில்லை. பன்ரெண்டு படத்துக்கு மேலை ஏலாது."

"இருபது."

"பன்ரெண்டு."

"சரி, பதினாறு. சனி, ஞாயிறு சாப்பாடு என் வீட்ல."

"பதினாலு. வடையும் இருக்கோணும்."

வேதவல்லிக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துப்போயிற்று. இந்த நாட்டில் பிறந்தும் கெடாத பிள்ளை.

டிசம்பர் முதல் தேதி சீட்டு வந்தது. எழுதியவரின் புனைபெயர் 'ஈகல் 58'. ஜெர்மனில் ஈகல் என்றால் முள்ளெலி. சீட்டு மொத்தம் நான்கு வரி:

"ஒருவர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறார். பனி பெய்கிறது. பத்து நிமிடம். புள்ளிகள், எதிரிகள், பாட்டு எதுவும் வேண்டாம்."

வேதவல்லி அதை இரண்டு தடவை படித்தாள். முதல் பேச்சிலேயே ஒருவன் இவ்வளவு குறைவாகக் கேட்கிறான் என்றால் அது கடைசிப் பேச்சாக இருக்க முடியாது என்பது அவள் கணக்கு.

கொடுப்பவருக்குச் சந்தேகம் வந்தால் மூன்று கேள்வி கேட்கலாம். மூன்றே மூன்று. அதையும் நேரடியாகக் கேட்க முடியாது, நடுவில் நிற்கும் ஏற்பாட்டாளர் வழியாகத்தான். டிரெஸ்டனில் ஆராய்ச்சி செய்யும் கிரிதர் என்ற பையன்தான் அந்த ஏற்பாட்டாளர். தமிழ்ப் பையன் என்று தெரிந்ததும் வேதவல்லிக்குப் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி இருந்தது.

முதல் கேள்வியை அனுப்பினாள்: "பத்து நிமிடம் யாரும் உட்காரமாட்டார்கள். ஆறு நிமிடம் போதுமா?"

பதில் மறுநாள் வந்தது: "பத்து."

இரண்டாவது: "எட்டாக வைத்துக்கொண்டு, கூடவே ஒரு நாய் தந்தால் சம்மதமா?"

"பத்து. நாய் வேண்டாம்."

எட்டுக்குக் கூட இறங்கவில்லை. ஆனால் பதில் சொல்கிறான். பதில் சொல்கிறவன் கடையைவிட்டுப் போகவில்லை என்று அர்த்தம். அவள் மூன்றாவதை அனுப்பினாள்: "நீங்கள் சொன்னபடி பத்தே இருக்கட்டும். நாய் தூரத்தில்தான் நிற்கும், குரைக்காது. வால் மட்டும் தெரிந்தால் போதுமா?"

"வேண்டாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாரங்கா வடையைத் தின்றுகொண்டே இந்த மூன்று பதில்களையும் படித்தாள். பெஞ்சு, கூரை, தெருவிளக்கு, தொப்பி போட்ட மனிதர் என்று பதின்மூன்று படம் முடித்திருந்தாள். பதினான்காவது பஸ்.

"அக்கா, பஸ் வருமோ?" என்று கேட்டாள்.

"எந்த பஸ்?"

"அவர் காத்திருக்கிற பஸ். பத்து நிமிசம் முடியேக்கை அது வருமோ, வராதோ? சீட்டிலை எழுதேல்லை. நீங்கள் கேட்டனீங்களோ?"

வேதவல்லி வடைத் தட்டைப் பார்த்தாள். மூன்று கேள்வி இருந்தது. இரண்டை நிமிடத்துக்கும் ஒன்றை நாயின் வாலுக்கும் செலவழித்திருந்தாள்.

டிரெஸ்டனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி கிரிதர், ஒரே ஒரு சின்ன டவுட். பஸ் வருமான்னு மட்டும் அவர்கிட்ட கேட்டுச் சொல்லு."

"மூணு முடிஞ்சுதுங்கக்கா."

"மூணாவது கேள்வியே இல்லப்பா. அது ஆஃபர். ஆஃபரை எல்லாம் கணக்குல சேக்கக்கூடாது."

"அதுக்கும் பதில் வந்துச்சுங்களே."

"உனக்கு எந்த ஊரு?"

"பொள்ளாச்சிங்க."

"அவ்வளவு பெரிய சந்தை உள்ள ஊர்ல பொறந்துட்டு இப்படிப் பேசறியே. நடுவுல நிக்கிற ஆளுன்னா கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும்ப்பா."

"சந்தைக்கு எங்கப்பா போவாருங்க. நான் பி.எச்டி. பண்றேன்."

போனை வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் இனி ஒன்றும் பெயராது.

"ஒண்டும் சொல்லேல்லையோ?" என்றாள் சாரங்கா.

"இங்க வந்து மூணு வருஷத்துல முழு ஜெர்மன் ஆயிட்டான்."

ஆகவே இருவரும் தாங்களாகவே முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. சாரங்காவுக்குச் சந்தேகமே இல்லை. "காத்திருக்கிறார் எண்டுதான் எழுதிக்கிடக்கு. ஏறினார் எண்டு இல்லை. இந்தச் சனம் எழுதினதைத்தான் கேக்கும், கேட்டதைத்தான் எடுக்கும். போன வருசம் ஏலம் விட்டு என்னத்தைக் கண்டனீங்கள்?"

"பத்து நிமிஷம் உக்கார வச்சுட்டு, சரக்கைக் கண்ணுல காட்டாம அனுப்பினா யாருடி நம்ம கடைக்கு வருவா?"

"அப்ப ஏத்தி விடுங்கோ. உள்ளுக்கை சீற்று வேணும், கம்பி வேணும், போற இடம் வேணும். எனக்குப் பதினாலோடை சரி."

பதினான்கு என்று பேசியது பேசியதுதான். அதை மீற வேதவல்லிக்கே மனம் வரவில்லை. கடைசியில் நடுவாக முடிந்தது: பஸ் வரும், கதவைத் திறக்கும், கொஞ்சம் நிற்கும், போய்விடும். உள்ளே இருக்கை தெரியாது, மஞ்சள் வெளிச்சம் மட்டும். ஏறியதாக நினைப்பவர் நினைத்துக்கொள்ளலாம், விட்டுவிட்டதாக நினைப்பவரும் நினைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரிடமும் அதே துணியை விற்கலாம்.

இருபத்தொன்றாம் தேதி, ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணியோடு கெடு முடிகிறது. காலை பதினொன்றரைக்கு வேதவல்லி கேமை ஓட்டிப் பார்த்தாள். பத்து நிமிடம் உட்கார அவளுக்கு ஏது பொறுமை. எப்போதும் இருபது மடங்கு வேகத்தில்தான் ஓட்டுவாள். பனி கொட்டியது. பஸ் வந்தது, கதவு திறந்தது. பஸ் கிளம்பியது. கூடவே பெஞ்சும் கிளம்பியது. கூரையும் தெருவிளக்கும் பெய்துகொண்டிருந்த பனியும் பஸ்ஸின் பின்னாலேயே சேர்ந்து போய்விட்டன. தொப்பி போட்ட மனிதர் மட்டும் கறுப்புத் திரையில், அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார்.

பஸ்ஸை நிறுத்தத்தோடு எங்கேயோ முடிச்சுப் போட்டிருக்கிறாள். முடிச்சு எங்கே என்று தெரியவில்லை. அடுத்தவன் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்தே ஏழு வருடம் சம்பளம் வாங்குகிறவள்.

"அக்கா, பதினொண்டு நாப்பத்தெட்டு."

"தெரியுது."

"அம்பது."

"மணி சொல்லாத சாரங்கா."

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு, பஸ் கிளம்புகிற பகுதியை அப்படியே வெட்டி எறிந்தாள். இப்போது பஸ் வரும், கதவைத் திறக்கும், நிற்கும். அவ்வளவுதான். எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும், பஸ் எங்கும் போகாது. ஐம்பத்தெட்டுக்குக் கேம் போட்டிப் பக்கத்தில் ஏறியது.

"கதவைத் திறந்துகொண்டு இந்த நாட்டிலை எந்த பஸ் நிண்டது?" என்றாள் சாரங்கா. "ஓடிவாற ஆளின்ரை மூக்கிலை அடிச்சுச் சாத்திப்போட்டுப் போவாங்கள். பொய் எண்டு உடனை பிடிப்பார்."

வேதவல்லியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இருபத்துநான்காம் தேதி ஆறு மணிக்குப் பெட்டிகள் திறந்தன. ஏழு மணிக்குள் பாதிப் பெட்டிகளில் ரிப்பன். எட்டு மணிக்குள் முக்கால்வாசி. அவளுடைய பெட்டியில் இல்லை. பக்கத்தின் அடியில் 'இப்போது ஆடுபவர்: 1' என்று மட்டும் காட்டியது. மறுநாளும் 'இப்போது ஆடுபவர்: 1'. அதற்கு மறுநாளும் அதே. பத்து நிமிடக் கேமை எவன் இரண்டு நாள் ஆடுவான்? அவள் கிரிதருக்கு எழுதினாள்: "தம்பி, உங்க கவுன்ட்டர் மாட்டிக்கிச்சு. அதான் ரிப்பனும் ஏறல போல." கிரிதர் அரை மணியில் பதில் போட்டான்: "செக் பண்ணிட்டேன்க்கா. கவுன்ட்டர் சரியாத்தான் இருக்கு."

மொத்தம் ஏழு பெட்டிகள் மொட்டையாக நின்றன. பிறகு ஐந்து. பிறகு மூன்று.

இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை பகல், சாரங்கா சாப்பிட வந்திருந்தபோது, பெட்டியின் கீழே ஈகல் 58 எழுதியது வந்து விழுந்தது. பெட்டி திறந்தபின் நேரடியாக எழுதிக்கொள்ளலாம். சாரங்காதான் வாசித்தாள், ஜெர்மனில் வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"'பஸ் நிற்கிறது. அது சரி. புதன்கிழமையிலிருந்து என் வீட்டில் நின்றுகொண்டிருக்கிறது, நான் அணைக்கவில்லை. ஆனால், நிற்கும் வண்டியில் எஞ்சினை வீணாக ஓடவிடக்கூடாது. விதி அப்படி. தயவுசெய்து எஞ்சினை நிறுத்தவும். பஸ்ஸின் வாசலில் படி நனைந்திருக்க வேண்டும், நனையவில்லை. இதைச் சொல்ல மூன்று நாள் யோசித்தேன்.'" அவள் முகம் சிறுத்துப்போயிற்று. "நத்தார்ப் பண்டிகைக்குக் குடுத்த பரிசிலை குற்றம் பிடிக்கிற மனிசனை இப்பதான் காணுறன். முடிஞ்சுது அக்கா. விடுங்கோ."

வேதவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத களை.

"என்ன முடிஞ்சுது? வாங்கிட்டான்."

"குறை எல்லோ சொல்லியிருக்கிறார்."

"புடவை ரொம்ப அழகா இருக்குங்கிறவ கடையை விட்டு இறங்கிடுவா. சாயம் போகுமா, கரையில நூல் பிரியுதேங்கிறவதான் பையை எடுப்பா. போன வருஷம் அழகா இருக்குன்னு சொன்னான் பாரு, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். படியை நனைச்சுக் குடு."

"பதினாலு முடிஞ்சுது."

"புதுப் படம் இல்லடி. இருக்கிற படத்துல ஈரம்."

சாரங்கா கொஞ்சம் யோசித்து, அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டாள். படியை நனைத்தாள். வேதவல்லி எஞ்சின் சத்தத்தை எடுத்தாள். எடுத்தபின் கேமில் சத்தம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. பனிக்கு ஏது சத்தம். 'திருத்தியாயிற்று' என்று ஒரு வரி எழுதி, புதிய பிரதியை ஏற்றினாள்.

'இப்போது ஆடுபவர்: 1' என்பது 0 ஆனது. உடனே மறுபடி 1 ஆனது. பழையதை மூடிவிட்டுப் புதியதைத் திறந்திருக்கிறார்.

இருவரும் ரிப்பனுக்காகத் திரையைப் பார்த்தார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று.

"ஏன் இன்னும் அழுத்தல?" என்றாள் வேதவல்லி.

"முதல்லை இருந்து பாக்கிறார் அக்கா. பஸ் வாறதுக்கு இன்னும் எட்டு நிமிசம் கிடக்கு."

அதை மட்டும் வேகமாக ஓட்ட அவளிடம் வழி இல்லை. சோறு ஆறியது. சாரங்கா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேதவல்லி இருமுறை எழுந்து இருமுறை உட்கார்ந்தாள்.

"ஆறு நிமிஷத்துக்கு ஒத்துக்கிட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்," என்றாள் ஏழாவது நிமிடத்தில்.

பத்தாவது நிமிடம் போயிற்று. கதவு திறந்திருக்க வேண்டும். பதினொன்றாவது நிமிடம் பாதியில் பெட்டியின்மேல் சிவப்பு ரிப்பன் ஏறியது.

"ஏறிட்டுது," என்றாள் சாரங்கா.

"ம்."

வேதவல்லி ரசத்தைச் சூடுபண்ண எழுந்து போனாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோதும், அடியில் 'இப்போது ஆடுபவர்: 1' என்றுதான் இருந்தது.