கடைசிப் பெட்டி

“இன்னைக்காச்சும் கடைசிப் பெட்டியையும் போடுங்க. படத்த முழுசாக் காட்டுங்க.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா ஒரு வாரமாகத் தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டேவிட்டேன். டாக்கீஸ் முதலாளி வேலுசாமி டீ கிளாசைக் கீழே வைத்தார். அவர் மேசைமேல் என் வேலைக் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“ஏனுங்க மொதலாளி, புத்தியில்லாமக் கேக்குதுங்க, மனசுல வெச்சுக்காதீங்க,” என்றாள் அம்மா.

எண்பத்தெட்டு நவம்பர். ஏற்காட்டில் அந்தக் கொட்டகைக்குக் கடைசி ஞாயிறு. பக்கத்தில் எழும்பியிருந்த முதலாளியின் லாட்ஜுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம், இடிக்கப் போகிறார்கள். அந்த லாட்ஜ் கவுண்டரில்தான் எனக்கு வேலை. வாழவந்திப் பக்கத்து எஸ்டேட்டில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கே முதல் பி.ஏ. நான். அதை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக அம்மாவோடு காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களை லாரியில் ஏற்றி வருவார்கள். ஒன்றரை மணிக்கு எஸ்டேட் ஷோ. பெண்கள் பக்கத்துக் கதவை யாராவது திறந்தால் மூடுபனி உள்ளே புகுந்துவிடும். மெஷினிலிருந்து வரும் வெளிச்சம் திரைக்குப் போகாமல் பாதியிலேயே வெள்ளையாக நிற்கும். “கதவச் சாத்துங்கடி!” என்று தரை முழுக்கக் கத்தும். ஈரக் கம்பளி, ஆரஞ்சுத் தோல், பீடி. அந்த வாடைக்காக ஆறு நாள் காத்திருந்தவள்தான் நானும், பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றே முக்காலுக்கு லாரி ஹாரன் அடிக்கும். எழுந்துவிடுவோம். ஒரு படத்துக்கும் முடிவு பார்த்ததில்லை. லாரிக்கு நேரமாகிவிட்டது என்றே நம்பியிருந்தோம். போன வாரம் ஆபரேட்டர் யூசுப் பாய் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். சேலத்துக்கும் எங்களுக்கும் ஒரே பிரிண்ட். மாலை ஆட்டத்துக்கு பிலிம் பெட்டிகள் நாலு மணி பஸ்ஸில் கீழே இறங்கியாக வேண்டும். அதனால் எங்கள் ஷோவில் கடைசிப் பெட்டியைத் திறந்ததே இல்லை. ஹாரன் அடிக்கச் சொல்லி டிரைவருக்கு ஆள் அனுப்பியதே முதலாளிதான்.

முதலாளி சிரித்தார். “இதுக்கா இத்தன கோவம்? இன்னைக்குப் பெட்டி எங்கயும் போகோணும்னு இல்ல கண்ணு. யூசுப்பு, மொத்தத்தையும் ஓட்டு!” கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். “நாளைக்குக் காத்தால வந்துரு. வர்ற கெஸ்டுக்கெல்லாம் நம்ம டாக்கீஸ் கதைய நீதான் சொல்லோணும். எஸ்டேட் சனம் லாரி லாரியா வந்து எப்படிக் கொண்டாடுச்சுன்னு. சுவத்துல போட்டோ மாட்டறேன். படிச்ச புள்ள, நொம்ப அழகாச் சொல்லுவ.”

உள்ளே போய் அம்மாவோடு தரையில் உட்கார்ந்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் நாற்காலியில், கடைசி ஷோ பார்க்கக் கேமராவோடு வந்த சேலத்துக்காரர்கள், “அந்தக் காலமே தனிதாங்க,” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் புருஷனிடம் அறை வாங்கிய ஒருத்தி குழந்தையோடு மழையில் இறங்கினாள்.

ஹாரன் அடித்தது. டிரைவருக்கு இன்று யாரும் ஆள் அனுப்பவில்லை. பழக்கம்.

அம்மா எழுந்தாள்.

“உக்காரும்மா. இன்னும் இருக்குது.”

“லாரி நிக்காது சாமி.”

“நிக்கும். நான் கேட்டு வாங்கியிருக்கேன்.”

அம்மா திரையை ஒரு தரம் பார்த்தாள். “அவ எங்க போயிருவா? புருசன் ஊட்டுக்குத்தான் வருவா. இதுல பாக்க என்ன இருக்குது?” ஸ்வெட்டரை இழுத்துவிட்டு நடந்தாள். அவள் பின்னாலேயே தரை முழுக்க எழுந்தது.

“பி.ஏ. பாத்துட்டு வந்து சொல்லட்டும்டி,” என்றாள் எங்கள் லயத்துப் பூவாயி. எல்லாரும் சிரித்தார்கள்.

மெஷின் ரூம் ஓட்டையிலிருந்து யூசுப் பாய் கத்தினார்: “ஏம்மா, பெட்டிய மாட்டிட்டேன்மா! எங்க போறீங்க எல்லாரும்?”

ஒருத்தியும் திரும்பவில்லை. திறந்த கதவு வழியே பனி உள்ளே வந்தது. சாத்தச் சொல்லவும் ஆளில்லை.

ஆரஞ்சுத் தோல்களுக்கு நடுவே தரையில் தனியாக உட்கார்ந்து கடைசிப் பெட்டியைப் பார்த்தேன். பத்து நிமிடம் இருக்கும். மழையில் போனவள் திரும்பி வந்து, அதே புருஷன் வீட்டு கேட்டின்மேல் கை வைத்தாள்.

எழுந்துவிட்டேன்.

டிக்கெட் கவுண்டருக்குள் முதலாளி இருந்தார். “அதுக்குள்ளயா? முடிவு வேணும்னு அந்தக் குதி குதிச்ச?”

“பாத்துட்டேங்க.” கடிதத்தை ஓட்டைக்குள் தள்ளினேன்.

“ஏ, ஞானசுந்தரி! இதுல என்ன கொற?”

“கதை சொல்ல வேற ஆளப் பாருங்க.”

வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து அம்மா கை நீட்டினாள். “ஏறு சாமி, நேரமாச்சு.” அந்தக் கையைப் பிடித்திருந்தால் திங்கட்கிழமை மறுபடி பழம் பறிக்கப் போயிருப்பேன், அடுத்த வாரமே முதலாளியிடம் மன்னிப்புக் கேட்க அவளே கூட்டிப் போயிருப்பாள்.

நாலு மணி பஸ் எதிரில் நின்றது. சேலத்தில் எனக்கென்று யாரும் இல்லை, வேலையும் இல்லை. அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தேன்.