நாற்பத்திரண்டாம் நம்பர்

அந்த மருத்துவமனையில் எல்லாருக்கும் நம்பர் சீட்டு உண்டு. ஆனால் சீட்டு கொடுக்கும் கவுண்டர்க்காரி ஒருநாளும் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"சர்க்கரை அண்ணே, உள்ள போங்க! குடலிறக்கம் சித்தப்பா, உக்காருங்க, அவசரப்பட்டா இன்னும் இறங்கிடும்!"

அதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தாள். கடவுள் சிலருக்கு வாயை வைத்துவிட்டுக் கதவு வைக்க மறந்துவிடுகிறார் என்று ஊசி போடும் நர்ஸ் நினைத்துக்கொள்வாள். நினைத்ததோடு சரி, மூன்று வருடமாக வாய் திறக்காத தன்மேலும் அவளுக்கு மதிப்பில்லை.

அன்று தையல்கடைப் பெண் மனச்சோர்வு மாத்திரைக்கு வந்திருந்தாள். எதிர்ப் பெஞ்சில், கைக்குட்டையால் முகத்தை மறைத்தபடி அவளுடைய முதலாளியம்மா. கடையில் முன்பு பட்டன் தைத்த ஒருத்தியை இந்த அம்மாள், "மனசு சரியில்லாதவ கையில கத்தரிக்கோலக் குடுக்க எனக்கென்ன பைத்தியமா?" என்று வேலையை விட்டே துரத்தியதைத் தையல்காரி போன மாதம்தான் நர்ஸிடம் சொல்லி அழுதிருந்தாள்.

கவுண்டர்க்காரி தையல்காரியின் ஃபைலை எடுத்தாள். மூச்சை இழுத்தாள். நர்ஸ் ஃபைலை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"நாற்பத்திரண்டு!"

தையல்காரி தலைகுனிந்து உள்ளே போனாள்.

"என்னக்கா, நம்ம மனசு..." என்று ஆரம்பித்தாள் கவுண்டர்க்காரி.

"உன் ஃபைலும் அந்த அலமாரியிலதான் இருக்கு," என்றாள் நர்ஸ் தாழ்ந்த குரலில். "கூட்டத்துல அதையும் படிச்சிரலாமா?"

கவுண்டர்க்காரி குனிந்து அடுத்த சீட்டை எழுத ஆரம்பித்தாள்.

முதலாளியம்மா மெல்ல நர்ஸிடம் நகர்ந்து வந்தாள். "அது என் கடைப் பொண்ணு. என்னவாம் அவளுக்கு? நான் யார்கிட்டயும் மூச்சுவிட மாட்டேன்."

"நல்லதும்மா. அவளும் அதையேதான் சொல்லுவா. முதலாளியம்மாவுக்கு என்னன்னு அவ கேட்டா, என்ன சொல்லட்டும்?"

கைக்குட்டை மறுபடி மேலேறியது. அந்த அம்மாள் திரும்பிப் போய், பெஞ்சின் நுனியில் பாதி உடம்பை மட்டும் வைத்து, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்தாள்.

அரைமணி கழித்து அவளுடைய ஃபைல் வந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் 'மூலம்'. கவுண்டர்க்காரியின் கண் மின்னியது.

"அக்கா, இத மட்டுமாவது நான் கூப்பிடுறேனே!"

நர்ஸுக்கும் நாக்கு அரிக்கத்தான் செய்தது. இவளுக்கு வேண்டியதுதான் என்று அது துடித்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். அட்டையைக் குப்புறத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"நாற்பத்தொன்பது. மெதுவா வாங்கம்மா."